கடலூர் ஆயா பல்பொடி

மாசி 4, திங்கள்

காலையில் பனி. எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை. மொட்டை மாடியில் காயப்போட்ட வேலம்பட்டை நமுத்துப்போய்விட்டது. முறத்தில் மறுபடி பரப்பி வைத்தேன்.

வாங்க வேண்டியது: கடுக்காய், கல் உப்பு, சுமதிக்குத் தலைவலித் தைலம், பஞ்சு.

பஞ்சு எதற்கு என்று மருமகள் சுமதி கேட்டாள். விளக்குத் திரிக்கு என்றேன். திரிக்கு இல்லை. கீழ்வரிசையில் வலது பக்கம் கடைசிப் பல். ஐப்பசியிலிருந்து குழி விழுந்திருக்கிறது. பஞ்சைக் கிராம்பு எண்ணெயில் தொட்டு அந்தக் குழியில் அடைத்தால் ஒரு வேளைக்கு அடங்கும். யாருக்கும் தெரியாது. எண்ணெய் விற்கிற நாட்டு மருந்துக் கடை பாயிடம்கூட மருமகளுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அறுபத்தெட்டு வயதில் அத்தனை பல்லும் இருக்கிறவள் என்று இந்தத் தெருவில் எனக்குப் பேர். பொங்கலுக்குப் பொங்கல் கரும்பைக் கடித்துக் காட்டச் சொல்லுவார்கள். இந்தப் பொங்கலுக்கும் காட்டினேன். இடது பக்கத்தால்.

சாயந்திரம் நி. போன். (நிவேதா. முழுப்பேரும் எழுத விரல் வலிக்கிறது.) மகன் வயிற்றுப் பேத்தி. பிறந்ததிலிருந்து பதினெட்டு வருஷம் என் பக்கத்தில் படுத்தவள். காலேஜ் படிக்கச் சிதம்பரம் போய், அங்கே சுமதியின் அம்மா வீட்டில் தங்கியிருக்கிறாள். இது ஐந்தாவது வருஷம். கிருமிகளைப் பற்றிய படிப்பு.

"ஆயா, ப்ராஜெக்ட் ஆரம்பிச்சிட்டேன். பல்ல சொத்தையாக்குற கிருமி இருக்குதுல்ல, அது மேல செடி மருந்துங்கள உட்டுப் பாக்குறேன். எது அத வளர உடாம தடுக்குதுன்னு."

"என்னென்ன செடி?"

"கொய்யா இலை, வேப்பங்குச்சி, மாதுளந்தோலு. அப்புறம் நம்ம ஆயா பல்பொடி."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எவ்ளோ வேணும் சொல்லு, இன்னிக்கே இடிக்கிறேன்" என்றேன்.

"இல்ல ஆயா... இங்க இருக்குற ஆயாவோடது."

அப்பாவைப் பெற்றவளும் ஆயா, அம்மாவைப் பெற்றவளும் ஆயா. இத்தனை நாள் எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை.

ச. (சம்பந்தி. ராஜேஸ்வரி டீச்சர். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ்.) மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் கட்டின பல். கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டு வைக்கிறவர். அவர் இடிக்கிற பொடியை என் பேத்தி காலேஜில் வைத்துப் பரிசோதிக்கிறாள்.

ரசத்துக்கு உப்புப் போட மறந்துபோனேன்.


மாசி 5, செவ்வாய்

வெயில் நன்றாக வந்தது. பட்டை காய்ந்துவிட்டது.

மனசில் ஓடுவதை எழுதி வைக்கிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்.

ச.வுக்கு இருப்பது: படிப்பு. இங்கிலீஷ். புழக்கடையில் கொய்யா மரம். நி.யின் காலேஜ் மேடத்தோடு போனில் சிரித்துப் பேசுகிற தைரியம். ஐந்து வருஷமாக நி.

எனக்கு இருப்பது: ஐந்தாம் வகுப்பு (அதில் முதல் மார்க்). பல்.

அந்தப் பல்லுக்காகக்கூட என்னிடம் பொடி கேட்கவில்லை என்பதுதான் குறை. பல் இல்லாதவரிடம் பல்பொடி கேட்கிறார்கள். தலைமயிர் இல்லாதவரிடம் சீயக்காய் கேட்பார்களா.

நானே போன் போட்டேன். "என் பொடியயும் வச்சுப் பாரு நிவி."

"குடு ஆயா, வைக்கிறேன். ஆனா ரெண்டையும் ஒரே மாதிரிதான் பாப்பேன். தோத்துட்டு அழக்கூடாது."

"யாரு, நானா?"

பின்னால் ச.வின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை. டிவியைப் பார்த்துக்கூட இருக்கலாம்.


மாசி 6, புதன்

பொடி இடித்தேன்.

வேலம்பட்டை இரண்டு பங்கு
கடுக்காய்த் தோல் ஒரு பங்கு (கொட்டை கூடாது)
மாசிக்காய் அரைப் பங்கு
உப்பு, வறுத்தது

மிக்ஸியில் போட்டால் சூடேறிவிடும் என்று உரலில்தான் இடித்தேன். வஸ்திரத்தில் சலித்தேன். நாக்கில் வைத்தால் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. நல்ல துவர்ப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

டப்பாவில் போட்டு மூடினேன். அப்போதுதான் பல் வலித்தது.

இத்தனை வருஷம் இதே பொடியைத்தானே தேய்த்தேன். இது அவ்வளவு நல்ல பொடியென்றால் குழி எப்படி விழுந்தது? யார் கேட்டாலும் பதில் இருக்கிறது: ராத்திரி முறுக்கு, வயசு. எனக்கு நானே கேட்டால் பதில் இல்லை. அங்கே தட்டில் வைத்து, பக்கத்தில் ச.வின் பொடியையும் வைத்து, என்னுடையது ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்?

கிராம்பு எண்ணெய்ப் பாட்டில் கையெட்டும் தூரத்தில். பெருமாள் படத்துக்குப் பின்னால்.

ஒரு மூடி ஊற்றிக் கிளறினேன். போதவில்லை என்று தோன்றியது. இன்னொரு மூடி. பிறகு இன்னொன்று. பொடி கட்டி தட்டியது. நிழலில் பரப்பி, கையால் பிசிறி, மறுபடி சலித்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். வாசனை கொஞ்சம் போயிற்று.

சாம்பாரில் பெருங்காயம் போட்டால் யாராவது தப்பென்று சொல்வார்களா.


மாசி 8, வெள்ளி

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சர். ஜன்னல் ஓரம் கிடைத்தது. டப்பா மடியில். பக்கத்திலிருந்த பெண், "என்னாம்மா, கிராம்பு வாசன அடிக்குது" என்றாள். பிரியாணி செய்து எடுத்துப்போகிறேன் என்றேன்.

சிதம்பரத்தில் ச. வாசலிலேயே நின்றார். நீலக்கரைப் புடவை, இஸ்திரி போட்டது. வீட்டில் யார் இஸ்திரிப் புடவை கட்டுவார்கள்.

"வாங்க சம்பந்திம்மா. எளைச்சிட்டீங்களே."

எளைக்கவில்லை. வலது பக்கம் மெல்லுவதில்லை, அவ்வளவுதான்.

நி. அடுப்படியிலிருந்து "ஆயா!" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். அவள் ச.விடம் ஊறுகாய் பாட்டில் எங்கே என்று கேட்டாள்.

சாப்பிடும்போது விவரமாகச் சொன்னாள். ரம்ஜானுக்குப் பாய் வீட்டில் செய்கிற கடல்பாசி இனிப்பு போலத்தான், கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார்களாம். அதன்மேல் சொத்தைக் கிருமியைத் தடவிவிட்டு, நடுநடுவே சின்னக் குழி குடைந்து, குழிக்கு ஒரு மருந்து ஊற்ற வேண்டும். மறுநாள் தட்டு முழுவதும் கிருமி பூத்திருக்கும். மருந்து வேலை செய்தால் அந்தக் குழியைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராமல் வட்டமாகத் தெளிந்திருக்கும்.

"வட்டம் எவ்ளோ பெருசோ மருந்து அவ்ளோ நல்லதா?"

"கிட்டத்தட்ட."

"இந்தக் கிருமி என்னாதான் பண்ணுது?"

"நம்ம திங்கிற சக்கரையத் தின்னுட்டுப் புளிப்ப உடும். அந்தப் புளிப்புல பல்லு கரைஞ்சு ஓட்டையாவும்."

நாக்கு தானாகக் கடைசிப் பல்லுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

ச. என் டப்பாவைத் திறந்தார். குனிந்து பார்த்தார். ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். மூடினார்.

"நல்லா நைசா இடிச்சிருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய பொடி பச்சை. கொய்யா இலை, நெல்லி, சுக்கு. பார்க்கத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன். இருந்துவிட்டுப் போங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை.


மாசி 10, ஞாயிறு

ஜெயித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் நி. காலேஜுக்குப் போய்த் தட்டைப் பார்த்திருக்கிறாள். சுமதி போனுக்குப் போட்டோ வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வேப்பங்குச்சிக்குக் கடுகுப் பொட்டு. மாதுளைக்கு ஒரு நடுத்தர ஸ்டிக்கர் பொட்டு. ச.வின் பச்சைப் பொடிக்கும் அதே அளவு. எனக்கு, மாரியம்மன் நெற்றியில் வைப்பார்களே, அந்த அளவு. தட்டில் கால்வாசி வெறிச்சென்று கிடந்தது.

"ஆயா! இந்த மாரி வட்டம் எங்க செட்ல யாருக்குமே வரல!"

காடாம்புலியூரில் தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். "அப்படியா அண்ணி, அந்தப் பொடி எனக்கும் ஒரு டப்பா குடுங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரியிடம் போட்டோவைக் காட்டினேன். நிலா என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ச. பேசினார். "உங்க பொடிதான் சம்பந்திம்மா. ரொம்ப சந்தோஷம்." குரலில் ஒரு சுணக்கமும் இல்லை. இருந்திருந்தால் என் சந்தோஷம் முழுசாக இருந்திருக்கும்.

எண்ணெயால் வந்த வட்டம் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் பட்டையும் கடுக்காயும் சேர்ந்துதானே வந்தது. ஒரு கை தட்டினால் ஓசை வருமா.


மாசி 11, திங்கள்

காலையில் பனி இல்லை. கொசு.

நி. போன். மேடம் தட்டைப் பார்த்துவிட்டு அசந்துபோனாராம். ப்ராஜெக்டில் கடைசி அத்தியாயம் முழுவதும் இந்தப் பொடிதானாம். முதல் பக்கத்தில் நன்றி என்று போட்டு என் பேரை எழுதப்போகிறாளாம். அச்சடித்து, அட்டை போட்டு, காலேஜ் லைப்ரரியில் வைப்பார்களாம்.

"சிதம்பரத்து ஆயா பேரு?" என்று கேட்டேன்.

"அவுங்க பேருந்தான். உன்து மொதல்ல."

மொதல்ல. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வீட்டுக்குள் நடந்தேன்.

பிறகு சொன்னாள்: மேடம் மறுபடி மூன்று தடவை செய்யச் சொல்லியிருக்கிறார். பொடியில் உள்ள ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகவும் வைக்கச் சொல்லியிருக்கிறார். எந்தச் சாமான் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

"என்னென்ன போட்ட, சொல்லு ஆயா. எழுதிக்கிறேன்."

வேலம்பட்டை. கடுக்காய். மாசிக்காய். உப்பு.

"அவ்ளோதானா?"

அவ்ளோதான் என்றேன்.

பல்வலி இன்றைக்கு ஜாஸ்தி. கன்னத்தின்மேல் சூடு.


மாசி 14, வியாழன்

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சுமதி அடுப்படியில் போனில்.

"அழாத நிவி... நீ என்னா வேணும்னா பண்ணுன?... சரி, மேடம் என்னா சொன்னாங்க?... எல்லார் முன்னாடியுமா?"

போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள். நான்கு சாமானையும் தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் சின்ன வட்டந்தான். நான்கையும் புதிதாக வாங்கிச் சேர்த்து வைத்தாலும் அதே சின்ன வட்டம். என் டப்பாப் பொடிக்கு மட்டும் அவ்வளவு பெரிசு. அப்படியானால் நி. வைத்ததில்தான் எங்கேயோ கோளாறு என்று மேடம் சொல்லிவிட்டார். மருந்து தளும்பியிருக்கும், இல்லையென்றால் கை சுத்தமில்லை. இதில் இப்படியென்றால் மற்ற தட்டுகளையும் எப்படி நம்புவது? எல்லாவற்றையும் முதலிலிருந்து செய், முடியாவிட்டால் அடுத்த வருஷம் எழுது என்றாராம். பங்குனி பிறந்ததும் ப்ராஜெக்டைக் கொடுத்தாக வேண்டும்.

"காலையிலருந்து சாப்புடலயாம் அத்த. எங்கம்மாதான் பக்கத்துல ஒக்காந்து ஊட்டி உடறாங்களாம்."

எனக்கு முதலில் சுருக்கென்று குத்தியது எது என்பதை இந்த நோட்டில் மட்டுமாவது மறைக்காமல் எழுத வேண்டும். பிள்ளை அழுகிறாள் என்பதல்ல. ச. ஊட்டுகிறார் என்பது.

மற்றது பிறகு வந்தது. வந்ததும் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.


மாசி 15, வெள்ளி

மூன்று தடவை போன் எடுத்தேன். முதல் தடவை மணி அடிக்குமுன் நானே வைத்துவிட்டேன். இரண்டாவது, நி. எடுத்ததும் "சாப்ட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது, ச. எடுத்தார். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போவீர்களா என்று கேட்டேன். தேவனாம்பட்டினம் கடலூர்க் கடற்கரை, இங்கே இருப்பது நான். அவர் சிரிக்காமல், "நீங்க போவீங்களா?" என்றார்.

சொல்வதானால் இரண்டையும் சொல்ல வேண்டும். எண்ணெய் கலந்தேன் என்றால், வீட்டில் எண்ணெய் எதற்கு என்று கேட்பாள். பல் சொத்தை என்றால் கரும்பு போயிற்று, தெருவில் பேர் போயிற்று, ச.வுக்கு முன்னால் எனக்கென்று இருந்த ஒரே ஒன்றும் போயிற்று.

சொல்லாவிட்டால் நி.க்கு ஒரு வருஷம் போகும்.

ராத்திரிச் சாப்பாட்டில் சுமதி: "என்னா அத்த, ஒரு பக்கமாவே மெல்றீங்க?"

பழக்கம் என்றேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.


மாசி 16, சனி

பஸ்ஸில் போனேன். நிற்கத்தான் இடம். ஆலப்பாக்கம் தாண்டித்தான் உட்கார்ந்தேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை. ஒன்றும் உதவவில்லை.

நி. கூடத்தில் தரையில் உட்கார்ந்து நோட்டில் கோடு அடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. நின்றபடியே சொன்னேன்.

"நிவி, அந்தப் பொடியில நான் ஒண்ணு ஜாஸ்தியாப் போட்டேன்."

"என்னா?"

"கிராம்பு எண்ணெ."

ஸ்கேலைக் கீழே வைத்தாள். "எவ்ளோ?"

"மூணு மூடி."

"ஆயா, கிராம்பு எண்ணெய்க்கு இந்தக் கிருமி சாவும்னு எல்லாருக்கும் தெரியும். புஸ்தகத்துலயே இருக்குது. அதப் போயி பொடியில ஊத்தி..." நோட்டை மூடினாள். "மூணு நாளா என் கையவே நான் நம்பல" என்றாள்.

அடித்திருந்தால் தேவலை.

ச. தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிங்க சம்பந்திம்மா. டப்பாவத் தொறந்த அன்னிக்கே எனக்கு வாசன தெரிஞ்சுது."

நி. திரும்பினாள். "தெரிஞ்சுமா சொல்லல?"

"பக்குவம் போலருக்குது, அவுங்க போடறதுதான்னு நெனச்சேன். நீ அழுதப்பதான் அவுங்க சொன்ன கணக்குல அது இல்லன்னு புரிஞ்சுது. அவுங்களே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். நாளைக்கும் வரலன்னா நான் சொல்லியிருப்பேன்."

டீச்சர் புத்தி. தப்புச் செய்த பிள்ளை தானே எழுந்து நிற்கும்வரை காத்திருக்கிற புத்தி. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். காத்திருந்தவரை என்ன செய்வது.

"நல்லா இருக்குது ரெண்டு ஆயாவும்!" என்று நி. கத்தினாள். கோபத்தில் கொஞ்சம் ச. பக்கமும் போயிற்று. அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு துளி ஆறுதல். என்ன பிறவி நான்.

பிறகு கேட்டாள். கேட்பாள் என்று தெரியும்.

"வூட்ல கிராம்பு எண்ணெ எதுக்கு இருந்துது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே சொல்லிவிட்டது போல.

"வாயத் தொற ஆயா."

"ஒண்ணுமில்ல நிவி."

"தொற."

போனில் லைட்டைப் போட்டுக் குனிந்தாள். ச. பக்கத்திலேயே நின்றார். போகச் சொல்ல முடியுமா, அவர் வீடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடிப்பாவி ஆயா" என்றாள் நி. "எப்பருந்து?"

"ஐப்பசி."

"இத வச்சிக்கிட்டா கரும்பு கடிச்ச?"

"அது அந்தப் பக்கம்."

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தேன். நெற்றியை என் தோளில் முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அது மட்டும் தெரிந்தது.


மாசி 17, ஞாயிறு. சிதம்பரம்.

இங்கேயே தங்கிவிட்டேன். கன்னம் வீக்கம். நாளைக்கு நி.யோடு காலேஜுக்குப் போய் மேடத்திடம் நானே சொல்ல வேண்டும் என்று முடிவு. நான்தான் சொன்னேன் அந்த முடிவை.

விடியற்காலையில் கொல்லைக் குழாயடியில் ச. வாய் கழுவிக்கொண்டிருந்தார். பல் டம்ளரில். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடினார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு முன்னால் எதையும் மூடி நான் பார்த்ததில்லை.

"நாப்பத்தஞ்சுல ஒவ்வொண்ணாப் போச்சு" என்றார். பல்லில்லாமல் குரல் வேறு மாதிரி இருந்தது. "சாக்பீஸ் புடிச்ச கையோட இன்டர்வெல்லுக்கு இன்டர்வெல் டீ, பிஸ்கட்டு. இந்தப் பொடியெல்லாம் பல்லு போனப்புறந்தான். ஈறுக்கு."

"நல்லா வேல செய்யுதாமே."

"என்னா பண்றது, எனக்கு ஒதவல."

இரண்டு கொய்யா இலை பறித்துக் கொடுத்தார், வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லி. அடக்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.


மாசி 18, திங்கள்

காலேஜ். ஏறுவதற்கு முப்பத்திரண்டு படி. எண்ணினேன், பல் எண்ணிக்கை.

மேடம் என் மகள் வயசு. கண்ணாடி. நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. "தப்பு எம் மேல. புள்ள கை சுத்தமான கை" என்றேன். யோசித்து வைத்ததெல்லாம் மறந்து இதுதான் வந்தது. எண்ணெய் ஊற்றினதைப் பிறகுதான் சொன்னேன்.

மேடம் என்னைப் பார்த்தார், நி.யைப் பார்த்தார். "நீயும் மன்னிச்சிக்கணும் நிவேதா, எல்லார் முன்னாடியும் பேசிட்டேன்" என்றார். அதற்குமுன் அவர்மேல் எனக்கிருந்த கோபம் அதோடு சரி. மற்ற தட்டுகள் செல்லும். டப்பாப் பொடித் தட்டை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

"அப்ப என் பொடிக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஏம்மா இல்ல? கிருமியக் கொல்றது வேற, பல்லுல ஒட்ட உடாமப் பண்றது வேற. உங்க கடுக்கா, மாசிக்கா எல்லாம் துவர்ப்பு. துவர்ப்புல இருக்குற பொருள் கிருமிய ஒட்ட உடாதுன்னு சொல்றாங்க. அதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு. எண்ணெ இல்லாமக் குடுங்க, பாக்கலாம்."

ஒட்டவிடாது. இதை ச.விடம் நி. வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

பிறகு என் கன்ன வீக்கத்தைப் பார்த்து மேடம் கேட்டார்: "எந்தப் பல்லு?"

நி.தான் சொன்னாள். லேபில் பயன்படுத்துவது எங்கேயோ வளர்த்து வாங்கின கிருமியாம். நிஜமான சொத்தைப் பல்லிலிருந்து எடுத்த கிருமியும் ஒன்று இருந்தால் ப்ராஜெக்டுக்கு நல்லது, ஆள்தான் கிடைக்கவில்லை என்று மேடம் முன்பே அவளிடம் சொல்லியிருந்தாராம்.

ஒரு பேப்பர் கொடுத்தார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட. நி. படித்துக் காட்ட வந்தாள். நானே படித்துக்கொள்கிறேன் என்று வாங்கினேன். மெதுவாகத்தான், ஆனால் முழுவதும் படித்தேன். மேடம் கைநாட்டுக்கான மசி அட்டையை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவைக் கேட்டேன். கா. தனபாக்கியம். கா.வுக்குப் பின் புள்ளி வைத்து.

ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றினது போல ஒன்று. அதைக் குழியில் விட்டு நி. சுழற்றி எடுத்தாள். கை கொஞ்சங்கூட நடுங்கவில்லை. அந்தக் கையையா சந்தேகப்பட்டார்கள். தட்டில் இழுத்து, ஒரு ஜாடிக்குள் வைத்து, கூடவே மெழுகுவத்தி ஏற்றி மூடினாள். சுடர் உள்ளேயிருக்கிற காற்றைக் குடித்துவிட்டு அணைந்தது. இந்தக் கிருமிக்குக் காற்று குறைவாக இருந்தால்தான் பிடிக்குமாம். மூடி மறைத்து வைக்கிற என்னைப் போல.

மத்தியானம் பல் டாக்டர். பிடுங்க வேண்டியதில்லை, அடைத்துவிடலாம் என்றார். பாதி அடைத்தாயிற்று. மறுபடி வர வேண்டும்.


மாசி 19, செவ்வாய்

கடலூர் திரும்பினேன். மாசி மகம். சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினத்துக் கடலுக்குப் போய்விட்டன. தெரு காலி. நல்லது, கன்னத்தை யாருக்கும் விளக்க வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரி மட்டும் இருந்தாள். "என்னாக்கா, கன்னம் வீங்கியிருக்குது?"

"பல்லு சொத்தை. அடைச்சிருக்குது."

"ஒங்களுக்கா!"

எனக்குத்தான் என்றேன். வானம் இடியவில்லை. அவளுக்கும் இரண்டு இருக்கிறதாம், காட்டினாள்.

புதுப் பொடி இடித்தேன், நாளைக்குச் சிதம்பரத்துக்கு அனுப்ப. நான்கே சாமான். பாட்டிலைப் பெருமாள் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சுமதியிடம் கொடுத்துவிட்டேன்.


மாசி 21, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர்ப் பானைக்கு மணல் மாற்ற வேண்டும்.

போட்டோ வந்தது. தட்டு நிறையப் பொடிப்பொடியாக, ரவை சிதறினாற்போல். என் பல்லில் இருந்ததுதான். தட்டின் ஓரத்தில் நி. கையெழுத்தில் ஒட்டியிருக்கிறாள்: கடலூர் ஆயா.

"நல்லா வளந்திருக்குது ஆயா. மேடமே சொன்னாங்க, இவ்ளோ திடமான கிருமி பாத்ததில்லன்னு."

ச. போனை வாங்கினார். "நானுந்தான் கேட்டேன் சம்பந்திம்மா, எங்கிட்டயும் எடேன்னு. இவ சிரிக்கிறா. எடுக்கறதுக்குப் பல்லு வேணுமாம்."

உடம்பெல்லாம் இனித்தது. பல் இருக்கிறவளுக்குத்தானே சொத்தை.

நாளைக்கு என் கிருமிமேல் இரண்டு பொடியையும் விடப்போகிறாள். முதலில் ச.வின் பச்சைப் பொடி, பிறகு என்னுடையது.

சாயந்திரம் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். நி.க்கு எல்லாம் நல்லபடியாக வர வேண்டும், பங்குனிக்குள் முடிய வேண்டும் என்று மனசாரக் கும்பிட்டேன். திருநீறு வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். மறுபடி உள்ளே போனேன். என் பொடிக்கு வேண்டுமானால் என் கிருமி சாகட்டும், அந்தப் பச்சைப் பொடிக்கு மட்டும் சாகக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.